விண்டோஸ்ல நல்லாத்தானே தெரியுது?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம், விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து டூயல் பூட் போட்ட கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால், அதை வைத்திருப்பவர் முதலில் சொல்வது இதுதான்: "விண்டோஸ்ல நல்லாத்தான் தெரியுது. லினக்ஸ்லதான் இப்படி." சொல்லும்போதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. பெட்டி ஒன்று, மானிட்டர் ஒன்று, கேபிள் ஒன்று. ஒரு பக்கம் சரியாக இருந்து இன்னொரு பக்கம் கோளாறு என்றால், கோளாறு லினக்ஸில்தானே இருக்க வேண்டும்? காதுக்கு நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் இந்த நியாயத்தை நம்பி எத்தனையோ நல்ல கம்ப்யூட்டர்களில் லினக்ஸை அழித்துவிட்டார்கள், பிள்ளைகள் தட்டச்சு செய்து வைத்த பாடக்குறிப்புகளோடு சேர்த்து. எனக்கு அது ஆறவே இல்லை. அதனால்தான் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் இருந்தால், ஒரு கோளாறுக்கு இரண்டு சாட்சி இருக்கிறது என்று அர்த்தம். இருவரும் வேறு வேறு சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. யார் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் டூயல் பூட் யாரும் ஆசைக்குப் போடுவதில்லை. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பழக விண்டோஸ் வேண்டும். கன்டெய்னர் யார்டு, லாரி புக்கிங் ஆபீஸ், எம்.சி. ரோடு ஜவுளிக்கடை என்று எங்கே வேலை கேட்டுப் போனாலும் முதல் கேள்வி "டேலி தெரியுமா?" என்பதுதான். படிக்க, எழுத, வீடியோ பாடம் பார்க்க, புரோகிராமிங் பழக லினக்ஸே போதும்; பழைய பெட்டியிலும் சிரமமில்லாமல் ஓடும். 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இங்கே பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே டூயல் பூட்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, பழைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. அதனால் நெட் இல்லாமல் டேலிக்கு மட்டும் விண்டோஸ், மற்றதெல்லாம் லினக்ஸ் என்று வைத்துக்கொள்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கூடவே "லினக்ஸ்லதான் இப்படி" என்ற புகாரும்.

எங்கள் தெருவில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தன் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் இலவச டியூஷன் நடத்துகிறார். பழைய டெஸ்க்டாப்புகள் சில அங்கே இருக்கின்றன. கடல் கிட்டே என்பதால் காற்றுக்குக் குறைவில்லை, ஜன்னல்கள் எந்நேரமும் திறந்தே கிடக்கும். அதில் ஒரு பெட்டியில் லினக்ஸ் மின்ட் திறந்தால் எழுத்தெல்லாம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தது. வட்டம் வரைந்தால் முட்டையாகிவிடும். மானிட்டர் 1366க்கு 768. லினக்ஸ் செட்டிங்ஸில் 1024க்கு 768க்கு மேல் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. விண்டோஸில் போனால் கச்சிதமாக இருக்கிறது. "லினக்ஸுக்கு இந்த மானிட்டருக்கு டிரைவர் இல்லக்கா" என்று பத்தாவது படிக்கும் பையன் உறுதியாகச் சொன்னான்.

அந்த 1024க்கு 768 என்ற எண்ணிலேயே துப்பு இருக்கிறது. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன சிப்பில் அதன் ஜாதகம் எழுதப்பட்டிருக்கும். ஈடிஐடி என்பார்கள். அடிப்படைப் பகுதி 128 பைட். யார் தயாரித்தது, எத்தனை சென்டிமீட்டர் அகலம், எந்தெந்த ரெசல்யூஷன் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி பைட் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதற்கு. 128 பைட்டையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இதைப் படிக்கிறது. மானிட்டர் மாட்டியிருந்தும் இந்தத் தகவல் வரவில்லை என்றால், ஏறக்குறைய எல்லா மானிட்டரும் தாங்கக்கூடிய 1024க்கு 768 வரை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். கெர்னலின் நிரலிலேயே அந்த எல்லை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மானிட்டரைப் பற்றி எதுவும் தெரியாதபோது தாங்காத அலைவரிசையை அனுப்பாமல் இருப்பது சரியான நடத்தை. டிரைவர் இல்லாததால் வந்த கோளாறு அல்ல இது.

சரி, தகவல் ஏன் வரவில்லை? பழைய நீல நிற விஜிஏ பிளக்கைப் பாருங்கள். மூன்று வரிசையில் பதினைந்து பின். 1, 2, 3 முறையே சிவப்பு, பச்சை, நீலம். 13ம் 14ம் படத்தை வரிசைப்படுத்தும் சிங்க் சிக்னல். 12ம் 15ம் மட்டும் இந்த ஜாதகம் வந்து போகும் வழி. ஆகவே 12 அல்லது 15 தொடர்பு விட்டுப்போனாலும் படம் பளிச்சென்று வரும், நிறம் மாறாது, ஆடாது. மானிட்டர் யார் என்பது மட்டும் தெரியாது. சில மலிவு கேபிள்களில் அந்தக் கம்பிகளே இருக்காது.

லினக்ஸில் இதைப் பார்ப்பது சுலபம். சிஸ் என்ற கோப்பகத்துக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்று போனால் ஒவ்வொரு டிஸ்ப்ளே போர்ட்டுக்கும் ஒரு அடைவு இருக்கும், அதில் ஈடிஐடி என்று ஒரு கோப்பு. அதை ஒரு புதுக் கோப்பில் நகலெடுத்து அளவைப் பார்த்தால் 128, 256 என்று வர வேண்டும். இந்தப் பெட்டியில் பூஜ்யம். தகவல் பாதி சிதைந்து வந்திருந்தால் கெர்னல் பதிவில் ஈடிஐடி செக்சம் தப்பு என்று ஒரு வரி இருக்கும். இங்கே அதுகூட இல்லை, சுத்தமாக ஒன்றுமே வரவில்லை.

அப்புறம் விண்டோஸ் பக்கம் போய் டிவைஸ் மேனேஜரைத் திறந்தோம். மானிட்டர் என்ற இடத்தில் கம்பெனிப் பெயர் இல்லை. 'ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்' என்று இருந்தது. பிளக்-அண்ட்-பிளே இல்லாத ஏதோ ஒரு மானிட்டர் என்று அர்த்தம். விண்டோஸுக்கும் அந்த மானிட்டர் யார் என்று தெரியவில்லை! எப்போதோ யாரோ, 'இந்த மானிட்டரால் காட்ட முடியாதவற்றை மறை' என்ற டிக்கை எடுத்துவிட்டு, கையால் ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. இரண்டு பேருக்குமே தகவல் வரவில்லை. ஒருவருக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பையனுக்கு இது புரிந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிளக்கைக் கழற்றினால் பின்களின் அடியில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்றும் ஈரப்பதமும் செம்பில் செய்யும் வேலை அது. காசிமேட்டில் சைக்கிள் செயினும் ஜன்னல் கம்பியும் எந்தக் கதிக்கு ஆளாகின்றனவோ, அதே கதிதான் மேஜை மேல் இருக்கும் பின்னுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, பவரை முழுக்க எடுத்துவிட்டு, போர்ட்டையும் மானிட்டர் பக்கத்தையும் துடைத்தோம். கேபிள் தேறவில்லை. மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். பதினைந்து கம்பியும் உள்ள கேபிளாகக் கேட்டு வாங்கி வந்தேன். மாட்டியதும் லினக்ஸ் தானாகவே 1366க்கு 768க்கு வந்து நின்றது. விண்டோஸிலும் மானிட்டரின் உண்மையான பெயர் வந்துவிட்டது.

கேபிள் கிடைக்கும் வரை சமாளிக்க வழி உண்டு. சிவிடி என்ற கட்டளையிடம் அளவைச் சொன்னால், அந்த அளவில் படம் காட்டத் தேவையான எண்களை மோட்லைன் என்ற ஒரு வரியாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கும், அதை எக்ஸ்ரேண்டர் கட்டளையில் புது மோடாகச் சேர்க்கலாம். 1366 என்று கொடுத்தால் அது 1368 என்று திருத்திக்கொள்ளும், பதற வேண்டாம். அந்தக் கணக்கில் அகலம் எட்டால் வகுபட வேண்டும், 1366 வகுபடாது. லினக்ஸில் திரையில் படம் வரைய எக்ஸ்11, வேலண்ட் என்று இரண்டு முறை உண்டு; எக்ஸ்ரேண்டர் வழி எக்ஸ்11இல்தான் செல்லும், வேலண்டில் செல்லாது. அங்கே கெர்னலுக்கு பூட் நேரத்திலேயே வீடியோ அளவைச் சொல்ல வேண்டும்.

விஜிஏ பற்றிப் பேசும்போதே இன்னொன்று. திரை முழுக்க மஞ்சளடித்தால் நீலத்தின் பின்னைப் பாருங்கள். சிவப்பு போனால் வெள்ளையெல்லாம் பச்சை கலந்த நீலமாகத் தெரியும், பச்சை போனால் மெஜந்தா. இதற்கெல்லாம் விண்டோஸை மறுபடி போட்டுக் காசு வாங்கிய கடைகள் உண்டு என்று கேள்விப்படும்போது வயிறு எரிகிறது.

முதல் சாட்சி விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயாஸ் திரைதான் முதல் சாட்சி. ஸ்விட்ச் போட்டதும் வரும் லோகோவிலேயே கோடு தெரிந்தால், இயங்குதளம் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அதன் மேல் பழி போட வழியில்லை. நாலாவது சாட்சி பென்டிரைவ். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸ் ஒன்றை எழுதி எப்போதும் கைவசம் வைத்திருங்கள். நிறுவிய லினக்ஸில் கோளாறும் லைவில் சரியாகவும் இருந்தால், அது செட்டிங்ஸ் அல்லது டிரைவர் பிரச்சினை. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஸ்கிரீன்ஷாட். வியாசர்பாடியில் கல்லூரிப் பெண் ஒருத்தியின் லேப்டாப்பில் திரையின் வலப்பக்கம் செங்குத்தாகக் கோடுகள். லினக்ஸில் அதிகம், விண்டோஸில் எப்போதாவது. கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். படம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் தயாரித்த படத்தில் குறையில்லை. அது திரைக்குப் போகும் வழியிலோ திரையிலோதான் குறை. ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு இருந்திருந்தால் கிராபிக்ஸ் டிரைவர், கிராபிக்ஸ் மெமரி என்று தேட வேண்டியிருக்கும். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தபோது கோடுகள் கூடின, குறைந்தன. கீல் வழியாகத் திரைக்குப் போகும் ஃப்ளெக்ஸ் கேபிள் நைந்திருந்தது. எச்டிஎம்ஐயில் வெளி மானிட்டர் மாட்டினால் ஒரு குறையும் இல்லை. லினக்ஸில் மட்டும் ஏன் அதிகம் என்று கேட்டாள். விண்டோஸை அவள் மேஜையில் வைத்து டேலிக்குத் திறப்பாள், லினக்ஸை மடியில் வைத்துப் படிப்பாள். மூடி அசைவது அப்போதுதான்.

லினக்ஸ் பக்கம் தப்பே வராது என்று நான் சொல்லவில்லை. வருகிறது, அதையும் நேராகச் சொல்ல வேண்டும். சில இன்டெல் லேப்டாப்புகளில் திரை கண் சிமிட்டுவது, பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்ற மின்சேமிப்பு வசதியை டிரைவர் சரியாகக் கையாளாததால்தான். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் பூட் வரியைத் திருத்தி, ஐ915 டிரைவருக்கு அந்த வசதி வேண்டாம் என்று பூஜ்யம் போட்டுச் சொன்னால் நின்றுவிடும். நின்றால் குற்றம் டிரைவருடையது. ஸ்கிரீன்ஷாட்டில் இதுவும் தெரியாது என்பதால், ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பேனலை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். வெளி மானிட்டர், பயாஸ், மூடி அசைப்பது எல்லாம் சேர்ந்துதான் முடிவு சொல்லும்.

என்விடியா கிராபிக்ஸ் கார்டின் கதை தனி. பெரம்பூரில் ஒரு தம்பி இன்ஜினியரிங் படிக்கிறான். ஒரு நாள் திடீரென்று லினக்ஸ் லோகோ வரை வந்து கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. விண்டோஸ் வழக்கம்போல் திறந்தது. "அண்ணன் ஒருத்தர் சொன்னாரு, கார்டே போச்சாம்" என்றான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். எழுத்து மட்டும் உள்ள லாகின் திரை வந்தது. ஆக, லினக்ஸ் உள்ளே உயிரோடு இருக்கிறது, படத்துக்கான டிரைவர்தான் எழவில்லை. கெர்னல் பதிவைப் பார்த்தால் என்விடியா டிரைவரின் மாட்யூலை ஏற்ற மறுத்திருக்கிறது, டிஜிட்டல் கையொப்பம் இல்லை என்று. விண்டோஸ் வழியாக பயாஸ் அப்டேட் ஒன்று வந்திருந்தது. அதில் செட்டிங்ஸ் எல்லாம் பழையபடி திரும்பி, அவன் அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட் மறுபடி இயங்க ஆரம்பித்துவிட்டது. செக்யூர் பூட் இருக்கும்போது உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றின் கெர்னல் கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்காது. விண்டோஸின் டிரைவருக்குக் கையொப்பம் உண்டு, அதனால் அங்கே எதுவுமே நடக்காதது போல் இருந்தது. செக்யூர் பூட்டை அணைத்தும் சரிசெய்யலாம். அவனுக்கு, கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் மோக் என்ற சாவியைப் பதிவு செய்யச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையைப் பலர் வைரஸ் என்று பயந்து தாண்டிவிடுகிறார்கள். அங்கேதான் சாவியைச் சேர்த்துக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும்.

கறுப்புத் திரை என்றாலே பூட் வரியில் நோமோட்செட் போடு என்று எல்லோரும் சொல்வார்கள். போடலாம், உள்ளே நுழைவதற்கு. அது கெர்னலின் கிராபிக்ஸ் டிரைவர்கள் திரையைக் கையிலெடுக்க விடாமல் நிறுத்துகிறது. அதையே நிரந்தரமாக விட்டுவிட்டால் ரெசல்யூஷன் குறையும், வீடியோ திக்கும், எல்லா வேலையும் பிராசசர் தலையில் விழும். பிறகு "லினக்ஸ் ஸ்லோ" என்ற பட்டமும் வரும். பழைய கார்டுகளுக்கு இன்னொரு சங்கடம்: ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசைக்கான 390 டிரைவருக்கு என்விடியா 2022 முடிவோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அவற்றில் நூவோ என்ற திறந்த மூல டிரைவரோடு இருந்துவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். விளையாட்டுக்கு ஆகாது, படிப்புக்கு ஆகும்.

கடிகாரமும் வைஃபையும் சின்ன விஷயங்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறதா? போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதுதான் காரணம். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ஒரு வரி போட்டால் போதும். ஆனால் பயாஸிலேயே தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். லினக்ஸில் வைஃபை காணவில்லை, டி டிரைவில் எழுத முடியவில்லை என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. விண்டோஸ் பாதித் தூக்கத்தில் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கும், சில வைஃபை கார்டுகளும் அரைகுறை நிலையிலேயே விடப்படும்.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று லேசாக அடிக்கும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரத்துக்கு இறங்க வழியில்லாததால் அது கேபினட்டில் நிற்கிறது. விஜிஏ திரையில் மெல்லிய பட்டை ஓடுவதும் பல வீடுகளில் எர்த் சமாச்சாரம்தான். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் அப்புறம். ரேம் சரியாக உட்காராத பெட்டி ஒரு இயங்குதளத்தில் தொங்கி மற்றதில் தொங்காமல் இருக்கலாம். இருவரும் மெமரியை ஒரே மாதிரி அடுக்குவதில்லை. கெட்ட இடத்தில் ஒருவர் எதை வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. ரேமைக் கழற்றி, தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி மாட்டுங்கள். பிறகு ஒரு ராத்திரி முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கடைக்குக் கொடுக்க வேண்டி வரும். போர்டு வேலை, பேனல் வேலையெல்லாம் வீட்டில் முடியாது. பிள்ளைகளிடம் நான் சொல்லி அனுப்புவது இதுதான்: கொடுக்கும் முன் பயாஸில், விண்டோஸில், லினக்ஸில், பென்டிரைவில் என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுது. கோளாறு தெரியும் திரையைப் போனில் படம் எடு, ஸ்கிரீன்ஷாட்டும் எடு. உன் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடு. டெஸ்க்டாப் என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடு. கேபிள், டிஸ்ப்ளே கோளாறைப் பார்க்க அவர்களுக்கு உன் டிஸ்க் தேவையே இல்லை. லேப்டாப் என்றால் ரசீதிலேயே எழுதி வாங்கு: டிஸ்ப்ளே மட்டும் பார்க்கவும், ஃபார்மட் வேண்டாம், இதில் லினக்ஸ் இருக்கிறது.